படப் புத்தகமும் பல்லாவரத்துக் கல்லும்



கடல் கடந்து புதிய நாடு கண்டவர்கள், மலையை அளந்தவர்கள், மண்ணுள் மறைந்து கிடந்தவற்றை வெளிக்கொணர்ந்தவர்கள் ஆகியோரின் வரலாற்றைச் சிறுவர்க்குப் படங்களோடு கூறும் நூல்கள் உண்டல்லவா? அவற்றைப் பற்றிச் சிறிது நேரம் பேசுமாறு வானொலி நிலையத்தார் என்னைப் பணித்தார்கள். நான் பூந்தமல்லி, ஆவடி, அம்பத்தூர் வட்டாரத்துப் பள்ளிகளில் 1981 முதல் ஆசிரியனாகவும், பின்னர்த் தலைமையாசிரியனாகவும் இருந்து 2018-இல் ஓய்வு பெற்றவன். நூலாசிரியன் அல்லேன், ஓவியனும் அல்லேன். அத்தகைய நூல்களைப் படித்து வளர்ந்தவன். பிறகு அவற்றைப் பள்ளி அலமாரியில் வைத்துப் பூட்டியவன். இந்த இரண்டு தகுதிகளோடுதான் இப்போது உங்கள்முன் பேசுகின்றேன்.

எனது இளமை அம்பத்தூரில் கழிந்தது. 1960-களின் பிற்பகுதியில் அவ்வூர் பாதி கிராமமாகவும் பாதி தொழில் நகராகவும் இருந்தது. ஒருபுறம் ஏரியும் நெல்வயலும். மறுபுறம் புதிதாக எழுந்த தொழிற்பேட்டை. அடுத்த ஊராகிய ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை. அங்கே 1965-இல் முதல் விஜயந்தா டாங்கி உருவாகி வெளிவந்தது. என் தந்தையார் சைக்கிள் தொழிற்சாலையில் பணி செய்தார். மாதச் சம்பளம் வாங்கியபின் வரும் ஞாயிற்றுக்கிழமை என்னை ரயிலில் சென்ட்ரலுக்கு அழைத்துச் செல்வார். நிலையத்தை ஒட்டினாற்போல் இருந்த மூர் மார்க்கெட்டில் பழைய புத்தகக் கடைகள் வரிசையாக இருந்தன. 1985-இல் எரிந்து போன அந்த மார்க்கெட்டை இன்றைய மாணவர்கள் அறியமாட்டார்கள்.

அங்கே எனக்கு வாய்த்த முதற் புத்தகம் கடற்பயணங்களைப் பற்றிய ஓர் ஆங்கில நூல். அட்டை கிழிந்தது, உள்ளே முழுப்பக்க வண்ணப் படங்கள். எனக்கு அப்போது ஆங்கிலம் எழுத்துக்கூட்டவே வரும். ஆகவே சொற்களை விட்டுவிட்டுப் படங்களையே படித்தேன். அவற்றுள் ஒன்று இன்னும் கண்முன் நிற்கிறது. கப்பலின் முன்னணியத்தில் கொலம்பஸ் நிற்கிறார், காற்றில் போர்வை பறக்கிறது, கையில் தொலைநோக்கி. பல ஆண்டுகள் சென்றபின், ஆசிரியப் பயிற்சியில் இருக்கும்போதுதான் ஓர் உண்மை எனக்கு உறைத்தது. கொலம்பஸ் புறப்பட்டது 1492-இல். தொலைநோக்கி உலகிற்குத் தெரியவந்ததோ 1608-ஆம் ஆண்டளவில். நூறாண்டுக்கும் மேலாகப் பின்னால் தோன்றவிருந்த ஒரு கருவியை அந்த ஓவியர் தாராளமாக அவர் கையில் கொடுத்துவிட்டார்! இருந்தாலும் அவ்வோவியர் மீது எனக்குச் சினமில்லை. அந்தத் தொலைநோக்கி இல்லாதிருந்தால், அம்பத்தூர் ஏரிக்கரையில் பப்பாளித் தண்டைக் கண்ணில் வைத்துக்கொண்டு அக்கரையில் நிலம் தேடியிருக்கமாட்டேன்.

படம் சிறுவர் மனத்தில் என்ன செய்கிறது என்பதைக் கல்வியாளர்கள் நெடுங்காலத்திற்கு முன்பே அறிந்திருந்தனர். கொமீனியஸ் என்னும் அறிஞர் 1658-இல் சிறுவர்க்கென்றே ஒரு படநூலை வெளியிட்டார். பக்கத்தின் மேலே படம், கீழே அதன் பெயரும் விளக்கமும் என்னும் அமைப்பு அவர் காட்டியது. நம் பாடநூல்களெல்லாம் ஒருவகையில் அதன் வழித்தோன்றல்களே.

தமிழிலும் இத்துறை வறண்டுவிடவில்லை. பெரியவர்க்கான கலைக்களஞ்சியத்தை 1954 முதல் பத்துத் தொகுதிகளாக வெளியிட்ட தமிழ் வளர்ச்சிக் கழகம், அப்பணி நிறைவுற்ற 1968-ஆம் ஆண்டிலேயே குழந்தைகள் கலைக்களஞ்சியத்தின் முதல் தொகுதியைக் கொண்டுவந்தது. 1976-க்குள் பத்துத் தொகுதிகள் முற்றுப்பெற்றன. இரண்டிற்கும் முதன்மை ஆசிரியராக நின்றவர் பெ. தூரன். தமிழிசைப் பாடல்கள் இயற்றியவராக நீங்கள் அறிந்திருக்கும் அதே தூரன்தான். வழவழப்பான தாளில், பக்கத்திற்குப் பக்கம் படங்களோடு, பள்ளிச் சிறுவனுக்கு விளங்கும் தமிழில் அமைந்த அத்தொகுதிகளை நான் முதன்முதல் கண்டபோது எனக்கு வயது பத்தோ பதினொன்றோ. அகர வரிசையில் அமைந்ததால் ஒரு சொல்லைத் தேடிப் போய் அதற்கு முன்னும் பின்னும் இருக்கும் பத்துச் சொற்களைப் படித்துவிட்டு, தேடியதை மறந்து திரும்பி வருவது என் வழக்கம். கல்விக்கு அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

தேசியப் புத்தக நிறுவனத்தின் நேரு பால புஸ்தகாலய வரிசையும் குறிப்பிடத்தக்கது. ஒரே படங்களை வைத்துக்கொண்டு இந்திய மொழிகள் பலவற்றிலும் நூலை வெளியிடும் முறையால், வண்ண நூலொன்று ஏழைச் சிறுவனும் வாங்கத்தக்க விலைக்குக் கிடைத்தது. அடுத்து, சோவியத் நாட்டிலிருந்து தமிழிலேயே அச்சாகி வந்த நூல்கள். அவற்றை இங்கே பரப்பியது 1951-இல் தொடங்கப்பெற்ற நியூ செஞ்சுரி புத்தக நிறுவனம். அந்நிறுவனம் பிற்காலத்தில் எங்கள் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையிலேயே வந்து அமர்ந்தது. ககாரின் 1961-இல் விண்ணுக்குச் சென்ற செய்தியை நான் முதலில் அறிந்தது செய்தித்தாளில் அன்று. அத்தகைய ஒரு படப்புத்தகத்திலேதான். 1991-இல் சோவியத் ஒன்றியம் கலைந்தபோது அந்நூல்களின் வரவும் நின்றது. எங்கள் வீட்டில் எஞ்சிய நான்கைந்தைக் கரையான் தின்றது.

நூல்களைப் பாராட்டியது போதும். இனி, அவற்றால் நேர்ந்த ஒரு குறையையும், அவற்றைக் கையாண்ட என் பிழையையும் சொல்லவேண்டும். இதைச் சொல்வதற்காகத்தான் இந்தப் பேச்சுக்கு ஒப்புக்கொண்டேன் என்றுகூடச் சொல்லலாம்.

1984-ஆம் ஆண்டு. பூந்தமல்லிக்கும் ஆவடிக்கும் இடைப்பட்ட ஓர் ஊரின் பள்ளியில் நான் பட்டதாரி ஆசிரியன். நூலகப் பொறுப்பும் என்னிடமே இருந்தது. நூலகம் என்றால் தலைமையாசிரியர் அறையில் நின்ற ஒரு கண்ணாடி அலமாரி. அதில் சுமார் முப்பது வண்ணப் படப் புத்தகங்கள் இருந்தன. அதிகாரிகள் பார்வையிட வரும்போது அலமாரி துடைக்கப்படும். அவர்கள் சென்றதும் பூட்டப்படும். ‘பிள்ளைகள் கையில் கொடுத்தால் கிழித்துவிடுவார்கள், நாளைக்குக் கணக்கு யார் சொல்வது?’ என்பது அக்காலத்தில் எல்லோரும் கூறிய காரணம். நானும் அதையே கூறினேன்.

ஒருநாள் ஏழாம் வகுப்பிற்கு வரலாறு நடத்தச் சென்றபோது, ஆதி மனிதனைப் பற்றிய படப் புத்தகம் ஒன்றை எடுத்துச் சென்று உயர்த்திக் காட்டினேன். வரிசையாக எழுந்து வந்து பார்த்துவிட்டுப் போகச் சொன்னேன். ஒரு பக்கத்தில் கற்கோடரியின் படம். வாதுமைக் கொட்டை வடிவம். ஒருமுனை கூர், மறுமுனை கைக்கு அடங்கும் பருமன். இருபுறமும் சில்லுச் சில்லாகப் பெயர்த்த தழும்புகள். மாணவர்கள் பார்த்தார்கள், மணி அடித்தது, புத்தகம் அலமாரிக்குத் திரும்பியது.

இரண்டு நாள் கழித்து அவ்வகுப்பின் கடைசி வரிசைச் சிறுவன் ஒருவன் கால்சட்டைப் பையிலிருந்து ஒரு கல்லை எடுத்து என் மேசைமீது வைத்தான். பையின் துணி மண்பட்டுச் சிவந்திருந்தது.

“சார், படத்துல இருந்த கல்லு மாதிரியே இருக்குது சார்.”

அப்போது பள்ளிக்கு எதிரே சாலை போட்டுக்கொண்டிருந்தார்கள். லாரிகளில் செம்மண் கலந்த சரளை வந்து குவிந்திருந்தது. அந்தக் குவியலிலிருந்து எடுத்தேன் என்றான்.

நான் என்ன செய்தேன்? கல்லைக் கையில் எடுத்துக்கூடப் பார்க்கவில்லை. ‘அதெல்லாம் பிரான்சு நாட்டிலும் ஆப்பிரிக்காவிலும் கிடைப்பது, நம் ஊர்ச் சாலையில் கிடக்காது. வகுப்பை அழுக்காக்காதே, வெளியில் போடு’ என்றேன். வகுப்பு சிரித்தது. அவன் எடுத்துக்கொண்டு போய், பள்ளி முற்றத்துப் பூப்பாத்தியின் ஓரத்தில் வரிசையாக நட்டிருந்த கற்களோடு அதையும் நட்டுவிட்டு வந்து அமர்ந்தான். அழவில்லை, மறுபடி எந்தக் கேள்வியும் கேட்கவுமில்லை. அந்த ஆண்டு முழுவதும்.

சில ஆண்டுகள் கழித்து மாணவர்களை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்திற்கு அழைத்துச் சென்றேன். வரலாற்றுக்கு முற்பட்ட காலத்தின் பொருள்கள் வைக்கப்பட்ட பகுதியில், கண்ணாடிப் பேழைக்குள் கற்கோடரிகள் இருந்தன. கிடைத்த ஊர்ப் பெயர்களைப் படித்தேன். ஆப்பிரிக்கா அல்ல, பிரான்சும் அல்ல. எங்கள் செங்கற்பட்டு, திருவள்ளூர் வட்டாரத்து ஊர்கள்! மாணவர்கள் அடுத்த கூடத்திற்குச் சென்றுவிட்டனர். நான் அங்கேயே நின்றுவிட்டேன்.

அதன் பிறகுதான் இராபர்ட் புரூஸ் ஃபூட் என்பவரைப் பற்றி நான் தேடிப் படித்தேன். அவர் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் பணிபுரிந்தவர். 1863-ஆம் ஆண்டு மே மாதம் 30-ஆம் நாள், பல்லாவரத்தில் படைவீரர் அணிவகுக்கும் திடலருகே சரளை தோண்டிய ஒரு பள்ளத்தில், மனிதன் கையால் செதுக்கப்பட்ட கல் ஒன்றைக் கண்டெடுத்தார். இந்தியாவில் பழங்கற்காலம் என்று ஒன்று இருந்தது என்பதற்கு முதற்சான்று அதுவே. பூந்தமல்லியிலிருந்து குன்றத்தூர் வழியாகச் சைக்கிளில் சென்றால் ஒருமணி நேரத்திற்குச் சற்று அதிகமாகும். சேக்கிழார் பிறந்த ஊர் என்று குன்றத்தூருக்கு மாணவர்களை எத்தனையோ முறை அழைத்துச் சென்றிருக்கிறேன். அதே சாலையில் இன்னும் சிறிது தூரம் சென்றிருக்கலாம். சென்றதில்லை.

அதே ஆண்டு செப்டம்பரில் ஃபூட்டும் அவருடைய துணைவர் வில்லியம் கிங்கும் திருவள்ளூருக்கு அப்பால், கொசத்தலையாற்றின் அருகே அத்திரம்பாக்கம் என்னும் சிற்றூரில் இன்னும் மிகுதியான கற்கருவிகளைக் கண்டனர். ஃபூட் தாம் வாழ்நாளெல்லாம் திரட்டியவற்றை 1904-இல் சென்னை அருங்காட்சியகம் விலைக்கு வாங்கிக்கொண்டது. நான் கண்ணாடிப் பேழைமுன் நின்றதற்கு மூலகாரணம் அதுதான்.

பல்லாவரத்துப் பள்ளத்தில் ஃபூட்டுக்கு முன்பும் எத்தனையோ பேர் நடந்திருப்பார்கள். சரளை வெட்டிய கூலியாட்கள் அத்தகைய கற்களைத் தினமும் கூடையில் அள்ளிப் போட்டிருப்பார்கள். அவர் ஒருவர் கண்ணுக்கு மட்டும் அது எப்படிக் கருவியாகத் தெரிந்தது? நான்கு ஆண்டுகளுக்கு முன், 1859-இல், பிரான்சு நாட்டில் சோம் ஆற்றங்கரைச் சரளையில் கிடைத்த கற்கோடரிகள் மெய்யாகவே தொன்மையானவை என்று பிரெஸ்ட்விச், எவான்ஸ் என்னும் ஆங்கில அறிஞர் இருவர் நேரில் ஆராய்ந்து உறுதி செய்திருந்தனர். அந்தச் செய்தி ஃபூட்டின் மனத்தில் இருந்தது. தொலைவில் கிடைத்த ஒன்றின் வடிவத்தை மனத்தில் வைத்துக்கொண்டு, காலடியில் கிடந்ததை அவர் அடையாளம் கண்டார்.

என் வகுப்பின் கடைசி வரிசைச் சிறுவன் செய்ததும் அதுதான். ஒரு பக்கத்தில் கண்ட உருவத்தைச் சாலையோரக் கல்லில் கண்டான். ஃபூட்டுக்குக் கேட்பதற்கு ஓர் ஆய்வுலகம் இருந்தது. அவனுக்குக் கேட்பதற்கு நான் இருந்தேன்.

அவன் கொண்டுவந்தது மெய்யாகவே கற்கோடரிதானா என்று இன்று யாராலும் கூற முடியாது. லாரிச் சக்கரத்தில் உடைந்த வெறுங்கல்லாகவும் இருக்கலாம். கையில் எடுத்துப் பாராத நான் எப்படி அறிவேன்?

அந்தப் படத்திலும் ஒரு குறை இருந்தது என்பதை நான் பின்னால்தான் உணர்ந்தேன். வெள்ளைத் தாளின் நடுவே கல் மட்டும் தனியே மிதந்துகொண்டிருந்தது. அதைச் சுற்றி மண் இல்லை, பள்ளம் இல்லை, ஊர் இல்லை. பெரும்பாலான நூல்களில் கண்டெடுத்த பொருள்களை இப்படித்தான் வரைகிறார்கள், அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் தொல்லியலறிஞருக்குப் பாதிச் செய்தி கல்லிலும் மீதிச் செய்தி அது கிடந்த மண்ணிலும் இருக்கின்றது. ஃபூட் ஒரு நிலவியலாளர். ஆகவே எந்தச் செம்புரைக் கல் படிவத்தில் அக்கருவிகள் கிடக்கின்றன என்பதைக் கவனித்து 1866-இல் விரிவாக எழுதினார்.

அத்திரம்பாக்கத்தில் 1999 முதல் அகழ்ந்து ஆராய்ந்துவரும் சாந்தி பப்பு, குமார் அகிலேஷ் ஆகியோரின் பணியை எடுத்துக்கொள்ளுங்கள். அங்குள்ள அடிப்படிவத்துக் கருவிகள் பத்து லட்சம் ஆண்டுகளுக்குக் குறையாதவை, சுமார் பதினைந்து லட்சம் ஆண்டுகள் பழமையானவையாகலாம் என்று 2011-இல் அவர்கள் குழுவினர் வெளியிட்டனர். மேற்படிவத்தில் வேறுவகை நுண்மையான கருவிகள் தோன்றிய காலம் ஏறத்தாழ 3,85,000 ஆண்டுகளுக்கு முன் என்று 2018-இல் வெளியிட்டனர். இந்தப் பிந்திய காலக்கணக்கைக் கல்லின் வடிவத்தைப் பார்த்து அவர்கள் கூறவில்லை. புதையுண்ட மணல் துகள் கடைசியாக வெயில் கண்டது எப்போது என்று கணிக்கும் முறை ஒன்று உண்டு. வெயில் படாமல் மண்ணுள் கிடக்கும்போது துகளுக்குள் சிறிது சிறிதாக ஓர் ஆற்றல் சேர்கிறது. ஆய்வுக்கூடத்தில் அதை ஒளியாக வெளிப்படச் செய்து அளக்கின்றனர். ஒருமுறை வெயில் பட்டுவிட்டால் அந்தச் சேமிப்பு அழிந்துவிடும். கணக்கு மறுபடி சுழியத்திலிருந்து தொடங்கும். லாரியில் ஏறி வந்து சாலையோரம் குவிந்த மண்ணிலே அந்தக் கணக்கைப் படிக்க வழியில்லை. ஆனால் அது எந்தப் பள்ளத்து மண் என்று லாரி ஓட்டுநருக்குத் தெரியும். அன்றைக்கு நான் சிறுவனை அனுப்பிக் கேட்கச் சொல்லியிருந்தால், அவன் ஓடிப்போய்க் கேட்டு வந்திருப்பான்.

ஆசிரியப் பயிற்சியில் எங்களுக்கு முதலில் புகட்டிய விதி, தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க என்பது. வாய்ப்பாட்டுக்கும் இலக்கணத்துக்கும் அதைப் பின்பற்றினோம். கண்டுபிடிப்புகளைப் பற்றிய படநூல்களோ தெரியாததில் தொடங்கித் தெரியாததிலேயே முடிகின்றன. அந்தாட்டிக்காவின் பனிமலை, அமேசான் காடு, நைல் நதியின் ஊற்று. இவை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, வேண்டும். அவை இல்லாவிட்டால் சிறுவன் மனம் ஏரிக்கரையைத் தாண்டாது. ஆனால் அவை மட்டுமே இருந்தால், கண்டுபிடிப்பு என்பது வேறெங்கோ, வேறு யாரோ செய்வது என்ற எண்ணம் வேரூன்றிவிடுகிறது. எனக்கு அப்படித்தான் வேரூன்றியது. அதைத்தான் அன்று அந்த வகுப்பில் நான் பேசினேன்.

நம் ஊரில் வரைவதற்கு என்ன இருக்கிறது என்று கேட்கலாம். பரங்கிமலைக்கு வாருங்கள். 1802-ஆம் ஆண்டு ஏப்ரல், மே மாதங்களின் கொடுங்கோடையில், வில்லியம் லாம்ப்டன் அங்கிருந்து தெற்கே பெரும்பாக்கம் வரை ஏறத்தாழ ஏழரை மைல் தூரத்தை நூறு அடி எஃகுச் சங்கிலியால் அளந்தார். ஏறக்குறைய 400 முறை சங்கிலியைத் தூக்கி வைத்து நேர்படுத்த வேண்டும். வெயிலில் எஃகு நீளும். ஆகவே பந்தலிட்டு நிழல் செய்து, வெப்பமானி வைத்துப் பார்த்து, நீண்ட அளவையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். அந்த ஒரு கோட்டை அடியாகக் கொண்டு முக்கோணத்தின்மேல் முக்கோணமாக நாடு முழுவதும் அளக்கப்பட்டது. அம்முயற்சி வளர்ந்து இமயத்தை எட்டியபோது, இராதாநாத் சிக்தார் என்னும் வங்கக் கணித மேதை பதினைந்தாம் சிகரம் எனப் பெயரிட்டிருந்த மலையின் உயரத்தைக் கணக்கிட்டார். 29,002 அடி என்று 1856-இல் அறிவிக்கப்பட்ட அதுவே எவரெஸ்டு.

லாம்ப்டன் கையாண்ட பெரிய கோணமானி அரை டன் எடையுள்ளது. இங்கிலாந்திலிருந்து வரும் வழியில் பிரெஞ்சுக் கப்பல் ஒன்று அதைக் கைப்பற்றி மொரிஷியசுக்குக் கொண்டுபோயிற்று. அறிவியலுக்குரிய கருவி என்றறிந்து, பகைவருக்கே மரியாதையோடு அதைத் திருப்பி அனுப்பினார்கள். 1808-இல் தஞ்சைப் பெரிய கோயில் கோபுரத்தின்மீது அதைக் கயிறுகட்டி ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி உருக்குலைந்தது. லாம்ப்டன் கூடாரத்திற்குள் புகுந்து, ஆறு வாரம் உழைத்து, வளைந்த வட்டத்தைத் தம் கையாலேயே நேர்செய்தார். இதைவிடச் சிறந்த படக்கதை வேண்டுமா?

ஓவியர் இதை வரையும்போது ஒரு சொல். கோபுரத்தடியில் கயிற்றைப் பிடித்திருந்தவர்கள் யார்? சங்கிலியைச் சுமந்தவர்கள், பந்தல் கால் நட்டவர்கள், கொடி பிடித்து வெயிலில் நின்றவர்கள் யார்? நம் ஊர்க் கலாசிகளும் கூலியாட்களும். நூல்களில் அவர்கள் படத்தின் ஓரத்தில் முகமில்லாத தலைப்பாகைகளாக நிற்கிறார்கள். வாஸ்கோ ட காமாவை 1498-இல் ஆப்பிரிக்கக் கரையிலுள்ள மலிந்தியிலிருந்து கோழிக்கோட்டுக்கு வழிகாட்டிக் கொண்டுவந்த மாலுமி எந்தப் படத்திலாவது முன்னால் நிற்கக் கண்டீர்களா? அவன் யார் என்பதில் அறிஞர்களிடையே இன்றும் ஒருமித்த கருத்து இல்லை.

முகத்தோடு வரையத்தக்க ஒருவரை மட்டும் சொல்லி மேலே செல்கிறேன். குமாவுன் மலைநாட்டுப் பள்ளி ஆசிரியர் நைன் சிங். அயலார் நுழையக்கூடாத திபெத்துக்குள் யாத்திரிகர் வேடத்தில் சென்று 1866-இல் லாசாவை அடைந்தவர். அவர் கையிலிருந்த செபமாலையில் 108 மணிகளுக்குப் பதில் 100 மணிகளே இருந்தன. நூறு அடி வைத்தால் ஒரு மணி தள்ளுவார். மாலை ஒரு சுற்று வந்தால் பதினாயிரம் அடி. அவர் நடையில் அது ஐந்து மைல். கணக்கைப் பிரார்த்தனைச் சக்கரத்துக்குள் ஒளித்து வைத்தார். 1877-இல் இலண்டன் புவியியல் கழகம் அவருக்குத் தங்கப் பதக்கம் வழங்கிற்று. ஒரு பள்ளி ஆசிரியர் என்பதால் இவர்மீது எனக்குக் கொஞ்சம் சலுகை உண்டு, மன்னிக்கவும்.

மாணவர்களே, படம் வரையத் தெரிந்தவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். ஆவடியில் ரயில் ஏறித் திருவள்ளூரில் இறங்கினால் பூண்டிக்குப் பேருந்து கிடைக்கும். சென்னைக்குக் குடிநீர் தரும் அந்த நீர்த்தேக்கத்தின் அருகிலேயே அரசின் தொல்லியல் அகழ்வைப்பகம் இருக்கிறது. அதற்குள்ளே கற்கருவிகளை வைத்திருக்கிறார்கள். பார்த்து வரைந்துகொள்ளுங்கள். கல்லை மட்டும் வரையாமல், அது கிடைத்த ஆற்றையும் மண்ணின் நிறத்தையும் சேர்த்து வரையுங்கள். வழியில் உங்கள் கண்ணில் அத்தகைய கல் ஏதேனும் பட்டால், தோண்டாதீர்கள்; பையில் போட்டுக்கொண்டும் வந்துவிடாதீர்கள். கிடக்கும் இடத்திலேயே நிழற்படம் எடுத்து, பக்கத்தில் என்ன இருக்கிறது என்று குறித்துக்கொண்டு, தொல்லியல் துறையினர்க்குத் தெரிவியுங்கள். உங்கள் ஆசிரியரிடமும் காட்டுங்கள். அவர் சிரித்தால் மறுநாள் மறுபடி காட்டுங்கள்.

2018 பிப்ரவரியில், அத்திரம்பாக்கம் பற்றிய செய்தி நாளிதழ்களில் வந்தபோது எனக்கு ஓய்வு பெறச் சில மாதங்களே இருந்தன. ஒரு சனிக்கிழமை பழைய பள்ளிக்குச் சென்றேன். கடைசி வரிசைச் சிறுவனின் குடும்பம் ஊரைவிட்டுப் போய் வெகுகாலம் ஆயிற்று என்றார்கள். முற்றத்தில் பூப்பாத்தி இல்லை. சிமெண்டுத் தளம் போட்டிருந்தார்கள். பாத்திக் கற்கள் என்னவாயின என்று காவலரைக் கேட்டேன். அவர் என்னை ஒருமாதிரி பார்த்துவிட்டு, தண்ணீர்த் தொட்டியின் பின்புறம் அழைத்துச் சென்றார். பத்துப் பன்னிரண்டு கற்கள் குவிந்து கிடந்தன. ஆண்டுதோறும் சுதந்திர தினத்திற்கு அடித்த சுண்ணாம்பு ஒன்றன்மேல் ஒன்றாய் ஏறி, எல்லாம் ஒரே உருவமாய் வெளுத்திருந்தன. தரையில் உட்கார்ந்து, சாவியின் முனையால் ஒவ்வொன்றாகச் சுரண்டிப் பார்த்தேன். காவலர் சிறிது நேரம் நின்று பார்த்துவிட்டு அவரும் ஒரு கல்லை எடுத்துக்கொண்டு சுரண்டத் தொடங்கினார். “எது வேணும் சார்?” என்றார். வாதுமைக் கொட்டை வடிவில் ஒன்று என்றேன்.

மாலை வரை சுரண்டினோம். எல்லாம் கருங்கல்.